குளிரின் மேல் போட்ட பழி

எங்கள் பொகவந்தலாவைத் தேயிலை மலையில் மார்கழி பிறந்துவிட்டால் எல்லாப் பழியும் குளிரின் தலையில்தான் விழும். பல் வலித்தால் குளிர். பருப்பு வேகாவிட்டால் குளிர். ஹட்டன் பஸ் பிந்தினால் டிரைவருக்குக் குளிர். புருசனும் பெண்சாதியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால்கூட, "குளிருல்ல, வாயைத் தொறக்க முடியல போல" என்று சிரிப்பார்கள். நானும் இந்தக் காற்றைக் குடித்து வளர்ந்தவன்தான். என் நாய் சொறியத் தொடங்கியபோது நானும் குளிரைத்தான் திட்டினேன்.

எனக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். சலிக்கும் அறை என் பொறுப்பு. காய்ந்து வந்த தேயிலையைச் சல்லடைகளில் ஓடவிட்டு, பெரிது, சிறிது, தூள் என்று பிரிக்கும் இடம் அது. இயந்திரங்கள் ஆடத் தொடங்கியதும் அறை முழுவதும் மெல்லிய பழுப்புத் தூசி எழும்பி நிற்கும். கொழுந்தின் அடியில் இருக்கும் நுண்ணிய மயிர்தான் காய்ந்து அப்படிப் பறக்கிறது. புருவத்தில், காது மடலில், சட்டைக் காலரில் எல்லாம் படியும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் இருமுவார்கள், பிறகு பழகிவிடும். எனக்குப் பழகி எத்தனையோ காலமாகிவிட்டது. தை, மாசியில் குளிரும் வறண்ட காற்றும் சேரும்போது எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வரும். அந்த மாதங்களில்தான் தூசியும் அதிகம். அதை நான் ஒருநாளும் அழுக்கென்று நினைத்ததில்லை. தேயிலையால் ஒரு கெடுதலும் வராது என்பது எங்களுக்கு மதம் மாதிரி.

எனக்குக் கொடுத்திருக்கும் குவாட்டர்ஸ் ஸ்டோருக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. குடும்பத்துக்கென்று கட்டிய வீடு. நான் புழங்குவது சமைக்கிற குசினியும் முன் அறையும் மட்டும். மற்ற அறைகளைச் சாத்தியே வைத்திருக்கிறேன். திறந்தால் ஈர வாடை வரும், அதோடு மனசும் ஒரு மாதிரி ஆகிவிடும்.

என் மனைவி மாத்தளைக்காரி. கல்யாணம் முடிந்து இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே அவளுக்கு இழுப்பு வந்தது. பகலில் நன்றாகத்தான் இருப்பாள். பொழுது சாயும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் தொடங்கும். ஆவி பிடித்தோம், கஷாயம் குடித்தோம், டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் கொடுத்தார். மாத்தளை வெயிலில் வளர்ந்த உடம்பு, இந்தக் குளிரைத் தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதையே சொன்னாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தாய் வீட்டுக்கு இறங்கிப் போய், மழை தொடங்கிய பிறகு ஏறி வருவாள். பிறகு எங்கள் மகள் மாத்தளையிலேயே கல்யாணம் கட்டினாள். பேத்தி பிறந்தாள். பிரசவம் பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. அதுதான் கொடுமை. சண்டை என்றால் சமாதானம் பேசப் போகலாம். குளிரோடு யார் சமாதானம் பேசுவது?

மாதத்துக்கு ஒரு தடவை நான் மாத்தளைக்குப் போவேன். வேலை முடிந்த கையோடு, போட்டிருக்கும் கோட்டோடு ஹட்டன் பஸ்ஸைப் பிடித்து, கண்டியில் மாறி, போய்ச் சேர நன்றாக ராவாகிவிடும். நான் போனால் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் இழுக்கும். "மலைக் குளிரப் பையில போட்டுக் கொண்டுவந்துட்டீங்க" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். என் கோட்டைக் கழற்றி வாங்கி, வெளி விறாந்தையில் ஆணியில் மாட்டுவாள். எனக்குப் பாய் முன் அறையில் விரித்திருக்கும். பேத்தி உள்ளே தூங்குகிறாள், எழும்பிவிடுவாள் என்பாள். நியாயமாகத்தான் பட்டது. விடிந்ததும் பால் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

நாய் வந்தது ஒரு ஆடி மழையில். எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது. குசினிக் கதவடியில் நனைந்துபோய் நின்றது. செம்பட்டை நிறம், நாலு காலிலும் வெள்ளை. ரொட்டி போட்டேன், தின்றது, போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பெட்டை நாய் என்பதால் "ஏ புள்ள" என்று கூப்பிட்டேன். அதுவே பேராகிவிட்டது. நாய் வளர்ப்பது பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் அது என்னை வளர்க்கத் தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாலையில் ஸ்டோர்ச் சங்கு ஊதியதும் அது மேட்டிலிருந்து ஓடி வரும். பாதி வழியில் என்னைப் பிடித்துவிடும். முன்னங்கால் இரண்டையும் என் நெஞ்சில் வைத்து, கோட்டுக்குள் மூக்கை நுழைத்து, ஏதோ நான் கொழும்பிலிருந்து வருவதுபோல முனகும். நான் வருகிறேன் என்று இந்த உலகத்தில் சந்தோஷப்பட்ட ஒரே சீவன் அதுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காலையிலேயே அந்த நேரத்தை நினைக்கத் தொடங்கிவிடுவேன். சலிக்கும் அறையில் யார் மேலாவது கோபம் வந்தால்கூட, சாயந்தரம் அது வரும் என்று நினைத்து அடக்கிக்கொள்வேன்.

குளிர் தொடங்கியதும் ராவில் அதை வெளியே விட மனசு வரவில்லை. முன் அறையில் கணப்பு மூட்டி, அதன் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கச் சாத்திவிடுவேன். படுக்கும்போது என் கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்துவேன். ஹட்டனில் நடைபாதைக் கடையில் வாங்கிய தடித்த கம்பளிக் கோட் அது. துவைத்தால் ஒரு நாளில் காயாது, மாற்றிப் போட வேறு இல்லை, அதனால் குளிர்காலம் முடியும்வரை அதற்குத் தண்ணீரே காட்டுவதில்லை. நாய்க்கு அந்தக் கோட் என்றால் உயிர். கோட்டின் கைக்குள் தலையை விட்டுக்கொண்டு தூங்கும்.

முதலில் காலை நக்கியது. நாய் என்றால் நக்கும்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு விடாமல் நக்கியது. வெள்ளைக் கால் நாலும் எச்சில் பட்டுப் பட்டுத் துரு நிறமாகின. காதைப் பின்னங்காலால் உதைத்துக்கொண்டு அழுதது. முகத்தைச் சாக்கில் போட்டுத் தேய்த்தது. மல்லாத்திப் பார்த்தால் அடிவயிறு சிவந்து, அக்குள் பக்கம் மயிர் உதிர்ந்து கிடந்தது. காதுக்குள் புளித்த வாடை. அந்த முதல் குளிர்காலம் எப்படியோ போயிற்று. சித்திரை மழை வந்தது, கோட் பெட்டிக்குள் போனது, சொறியும் நின்றது. பார்த்தாயா, குளிர்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மார்கழியில் பிடித்தது பாருங்கள், அது வேறு மாதிரி. ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலை அரைத்துப் பூசினேன். மஞ்சள் பூசினேன். மஞ்சள் நாயோடு நான் நடந்து போனதைப் பார்த்து ஸ்டோர் வாச்சர், "ஐயா, கல்யாணமா வீட்டுல?" என்று கேட்டார். மண்ணெண்ணெய் தடவச் சொன்ன ஆளும் உண்டு. அதை மட்டும் நல்ல காலத்துக்குச் செய்யவில்லை. கடைசியில் என் சொந்த வைத்தியத்துக்கு வந்தேன். எங்கள் வீடுகளில் கண் சிவந்தாலும், கால் வெடித்தாலும், பிள்ளைக்கு வேர்க்குரு போட்டாலும் சாயத்தண்ணீர்தான். பாலில்லாத தேநீரைக் கடுமையாகக் காய்ச்சி ஆறவைத்துக் கழுவுவோம். நான் சலிக்கும் அறைக்காரன் அல்லவா, என் கையால் பிரித்த நல்ல தூளையே ஒரு வாளி சாயமாகக் காய்ச்சி, அதன் தலைமுதல் வால்வரை ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். அதுவும் நடுங்கிக்கொண்டே நின்றது. என்னை நம்பி நின்றது. சொறி கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் மாலை சங்கு ஊதியும் அது வரவில்லை. நான் வீடுவரை நடந்தேன். கணப்பின் பக்கத்தில் கிடந்தது. வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது. வயிற்றில் தோல் கிழிந்து ரத்தம். இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்ற ஒரு நினைப்புத்தான் வந்தது. நாய்க்கு வலிக்கிறது என்பதைவிட முதலில் அதுதான் வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒரு ஆட்டோ பிடித்து ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். அங்கே மிருக வைத்தியர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். நாயை மேசையில் ஏற்றி, காதைப் பார்த்தார், விரல் இடுக்கைப் பார்த்தார், மெல்லிய சீப்பால் முதுகை வாரி உண்ணி, தெள்ளு ஏதும் இருக்கிறதா என்று தேடினார். ஒன்றுமில்லை.

"எப்ப தொடங்கினது?"

"மார்கழியில டாக்டர். போன வருசமும் இப்படித்தான். மழ வந்தா நின்னுரும். குளிரு ஒத்துக்கல போல."

"குளிர் எண்டால் நாய் நடுங்கும், சுருண்டு படுக்கும். காலை நக்காது, வயிறு சிவக்காது. இது குளிர் இல்லை ஐயா, ஒவ்வாமை." நாயின் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குளிர் காலத்தில வாறபடியால் எல்லாரும் குளிர் எண்டு நினைக்கினம். குளிருக்கு வீட்டைப் பூட்டி வைக்கிறது, நெருப்பு மூட்டுறது, கம்பளி போர்க்கிறது, அதுகளாலதான் இந்த வருத்தம் வாறது. மனுசர் எண்டால் தும்மல் வரும், இழுப்பு வரும். நாய்க்கு அநேகமாத் தோலிலதான் காட்டும்."

இழுப்பு என்ற சொல் என் காதில் விழுந்தது. அப்போது உள்ளே போகவில்லை.

"என்ன மருந்து பூசினீங்கள்?"

சொன்னேன். சாயத்தண்ணீர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தேத்தண்ணியில குளிப்பாட்டினீங்களோ? ஒவ்வொரு நாளுமோ?" சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல தூள் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் இன்னும் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். சாப்பாடு மாற்றினீர்களா, இல்லை. எங்கே படுக்கும், கணப்பின் பக்கத்தில். எதில் படுக்கும், சாக்கில், மேலே என் கோட். வீட்டில் வேறு ஆர் ஆர் இருக்கினம் என்று கேட்டார்.

"நான் மட்டுந்தான்."

"வேற ஆரும் வந்து போவினமோ?"

"ஒருத்தரும் வாறதில்ல."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். நான் அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தேன். என் கையைப் பிடித்து, கோட்டின் கையை மேசை மேல் இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளை மேசையில் பழுப்பாக ஒரு படலம் விழுந்தது.

"இது என்ன?"

"தேயிலத் தூசி டாக்டர். ஸ்டோர்ல வேல. சலிக்கிற ரூம்."

அவர் அந்தத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார். நாய் கழுத்தை நீட்டி என் கோட்டுக் கைக்குள் மூக்கை நுழைத்தது.

இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். பூட்டிய வீட்டுத் தூசியாக இருக்கலாம், புகையாக இருக்கலாம், கம்பளியாக இருக்கலாம். ஒன்றொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும், இதிலிருந்து தொடங்குங்கள் என்றார். கோட்டை ஸ்டோரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நாயைத் தொடாமல் நேரே போய்க் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் கிட்டப் போக வேண்டும். சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தித் துணி விரிக்க வேண்டும், அதைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். பகலில் ஜன்னலைத் திறந்து காற்று வரவிட வேண்டும். வெளியே போய் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைத் துடைத்து, விரல் இடுக்கு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். கணப்பை விட்டுத் தள்ளிப் படுக்க வைக்க வேண்டும். சாயத்தண்ணீர் இனிக் கூடவே கூடாது. காதுக்கு மருந்து, தோலுக்கு மருந்து, கொஞ்ச நாளைக்கு மாத்திரை. வீட்டில் இருக்கும் மனுசருக்கான மாத்திரையைப் பரிதாபப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

"இது ஒருக்கா மருந்தோட மாறிப் போற வருத்தமில்லை ஐயா. பார்த்துப் பார்த்து வச்சிருக்க வேணும். வருசா வருசம் வரப் பார்க்கும், நீங்கள்தான் முந்திக்கொள்ள வேணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கொதிநீரில் துவைப்பது பெரிய வேலையா? ஆனால் மாலையில் அது ஓடி வரக்கூடாது என்று சொல்லிவிட்டாரே, அதுதான் நெஞ்சில் கிடந்தது.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது நாயை முன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சங்கு ஊதும். உள்ளே அது குரைக்கத் தொடங்கும். நான் முன் வாசலை விட்டு, திருடன் மாதிரி வீட்டைச் சுற்றிப் பின்னால் போவேன். பின்கட்டில் குளிக்கும் அறை. அந்தக் குளிரில், கொதிக்க வைக்கும் பொறுமையில்லாமல், பச்சைத் தண்ணீரையே தலையில் ஊற்றுவேன். பல் கிடுகிடுக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அது கதவைப் பிராண்டி அழும். எனக்கும் அழுகை வரும். தண்ணீர் ஊற்றும்போது அழுதால் யாருக்குத் தெரியும், அழுதும் இருக்கிறேன். துவைத்த சட்டை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தால், முதல் சில நாள் அது என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. சோப்பு வாடையடிக்கும் இந்த மனுசன் யார் என்று மோந்து மோந்து பார்த்தது. பிறகுதான் வாலை ஆட்டியது.

சொறி குறைந்தது. ஒரேயடியாக இல்லை. முதலில் காது ஆறியது. பிறகு காலை நக்குவது நின்றது. அடிவயிற்றில் பொடிமயிர் முளைத்தது. டாக்டர் சொன்ன நாளோடு மாத்திரையையும் நிறுத்தினேன், சொறி திரும்பவில்லை. எனக்கோ சந்தோஷத்தோடு ஒரு பிடிவாதமும் வந்தது. நல்ல மருந்து கொடுத்தார், அதனால் ஆறியது, கோட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மனசு வாதாடியது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நன்றாக ஆறிய பிறகு ஒரே ஒரு தடவை பழையபடி விட்டுப் பாருங்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

ஒரு மாசி மாதத்து மாலை, கதவைத் திறந்து வைக்கச் சொல்லி வாச்சரிடம் சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டோரிலிருந்து வெளியே வந்தேன். சங்கு ஊதியது. மேட்டிலிருந்து அது வந்த வேகத்தைச் சொல்லி முடியாது. பாய்ந்து நெஞ்சில் கால் வைத்து, கோட்டுக்குள் மூக்கை நுழைத்து, பழைய முனகல். நான் அப்படியே பாதையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று அதன் காதுக்குள் சொன்னேன். அன்று அதை என் கோட்டிலேயே படுக்க வைத்தேன்.

விடியக் காலையில் சளக் சளக் என்ற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். காலை நக்கிக்கொண்டிருந்தது. அடிவயிறு சிவந்திருந்தது.

கோட்டை எடுத்து வெளியே போட்டேன். குசினியில் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றேன். அப்போதுதான் அந்தச் சொல் உள்ளே போனது. மனுசர் எண்டால் இழுப்பு வரும்.

அவளுக்குப் பகலில் இழுத்ததே இல்லை. பொழுது சாயும்போது, நான் வந்த பிறகு, கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்த பிறகுதான் இழுக்கும். மழைக்காலத்தில் நான் தினம் துவைக்கும் பருத்திச் சட்டையோடு திரிவேன், அப்போது அவளுக்குச் சுகம். சரி, மலையில் குளிர் என்றே வைத்துக்கொள்வோம். மாத்தளையில் ஏது குளிர்? மின்விசிறி போட்டால்தான் மூச்சுவிடலாம் என்கிற ஊரில், நான் போய் இறங்குகிற ராவில் மட்டும் அவளுக்கு ஏன் இழுத்தது? மலைக் குளிரப் பையில போட்டுக் கொண்டுவந்துட்டீங்க. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாயை வாச்சர் பொறுப்பில் விட்டுவிட்டு மாத்தளைக்குப் போனேன். சனிக்கிழமை ராவே தலையோடு முழுகி, பெட்டியிலிருந்த புதுச் சட்டை எடுத்துப் போட்டு, கோட் இல்லாமல், விடியக் காலை முதல் பஸ்ஸில் ஹட்டன் வரைக்கும் நடுங்கிக்கொண்டே போனேன். வழியெல்லாம் ஒரு பொடியன் மாதிரி சந்தோஷமாக இருந்தேன். இனிக் குளிர் இல்லை, இனி அவள் வரலாம், சாத்திய அறைகளைத் திறந்து வெள்ளையடிக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன்.

மகளும் பேத்தியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவள் பின் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோட்டு எங்கங்க?" என்றாள் என்னைக் கண்டதும்.

அவளைப் படிக்கட்டில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, நாய்க் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். சாயத்தண்ணீரில் குளிப்பாட்டியதைச் சொன்னபோது சிரித்தாள். டாக்டர் கோட்டுக் கையைத் தட்டியதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. கடைசியில், "ஒனக்கும் அதுதான் புள்ள. குளிரு இல்ல. என் கோட்டுத் தூசி" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. கையிலிருந்த ஈரத் துணியை மடித்து மடியில் வைத்தாள்.

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"நீங்க வந்தா இழுக்கும்னு தெரியும். தூசின்னு தெரியாது. ஆனா ஒங்களாலதான்னு தெரியும்."

"எப்ப இருந்து?"

"மகள் பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்தே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"என்னான்னுங்க சொல்றது? கட்டுன புருசன்கிட்ட, நீங்க கிட்ட வந்தா எனக்கு மூச்சு முட்டுதுன்னா? அதக் கேட்டுட்டு நீங்க வீட்டுக்குள்ள எப்படி வருவீங்க? குளிரு மேல போட்டா குளிரு கோவிச்சுக்கவா போகுது."

முற்றத்தில் பேத்தியின் சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. இப்போது கோட் ஸ்டோரிலேயே இருக்கிறது, நான் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன், நீ வரலாமே என்றேன். அவள் என் பக்கம் சாய்ந்து, என் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவள் முகம் அவ்வளவு கிட்ட வந்தது. மூச்சு சீராக இருந்தது. விசில் இல்லை.

"சோப்பு வாசந்தான் வருது," என்றாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரோ மாதிரி இருக்கீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடம் விட வேண்டும், மகளுக்கு வேலை, இந்த வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும், இங்கேயே பழகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். எல்லாம் உண்மைதான். ஒன்றையும் மறுக்க முடியாது. பஸ்ஸுக்குப் புறப்படும்போது விறாந்தைச் சுவரைப் பார்த்தேன். என் கோட்டுக்கென்று அவள் அடித்த ஆணி வெறுமையாக இருந்தது. பச்சத் தண்ணியில குளிக்காதீங்க, சுட வச்சுக் குளிங்க என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

பொகவந்தலாவையில் இறங்கி மேட்டில் ஏறும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாச்சர் நாயை அவிழ்த்துவிட்டார். அது வழக்கம்போலப் பாய்ந்து வந்து, என் முன்னால் சடாரென்று நின்றது. சட்டையை மோந்தது. கையை மோந்தது. பழைய முனகல் வரும்வரை நான் அசையாமல் நின்றேன். பிறகு அதன் இரண்டு காலும் என் நெஞ்சுக்கு வந்தன. அன்று நான் ஸ்டோருக்குப் போகவில்லை, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வேண்டியமட்டும் மோந்துகொள்ளட்டும் என்று நின்றேன்.

இப்போதும் தினமும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். சுட வைத்துத்தான் குளிக்கிறேன். நாய் நன்றாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரே நினைப்புத்தான். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துவைத்த சட்டை, அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே குளித்துவிட்டு வந்திருப்பேன்.